அந்தப்புரம் போதும், இஸ்தான்புல்லில் சாதாரண ஆள் எப்படிப் பிழைத்தான்?

#1 ஞாயிறு_வாசகன் | வெள்ளி, இரவு 10:40

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் துருக்கித் தொடர் ஓடுகிறது. சப்டைட்டில் படித்துப் படித்தே கண் பூத்துவிட்டது. அதில் வரும் சுல்தான் மனைவிகள் ஹுர்ரெமும் கோசெமும் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்காக்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். எனக்குத்தான் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருக்கிறது. எந்தக் காட்சியைப் பார்த்தாலும் பட்டு அங்கி, விஷக் கிண்ணம், திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கும் ஒரு ஆள். ஊர்க்காரர்களைக் காணவே காணோம்.

1453-ல் ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து இஸ்தான்புல் என்று பேர் மாற்றினார். அதிலிருந்து 1923 வரை அதுதான் தலைநகர். இத்தனை நூற்றாண்டு அந்த ஊரில் ரொட்டி சுட்டவன், தண்ணீர் சுமந்தவன், படகு ஓட்டியவன் எல்லாம் இருந்திருப்பார்களே, அவர்கள் கதை என்ன? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர்களின் பட்டியல் மட்டும் வேண்டாம்.

#2 சும்மாவந்தவன் | வெள்ளி, இரவு 10:52

காபி குடித்தான். சுல்தான் தடை போட்டதும் ஒளிந்து குடித்தான். கேஸ் முடிந்தது.

#3 வரலாற்று_டீச்சர் | வெள்ளி, இரவு 11:30

ஒளிந்து குடித்தது உண்மைதான். 1633-ல் ஜிபாலி பக்கம் பிடித்த தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. அதைச் சாக்காக வைத்து நான்காம் முராத் புகையிலையைத் தடைசெய்து, காபிக் கடைகளையும் மூடவைத்தார். நெருப்பு மட்டும் காரணமில்லை. நாலு பேர் உட்கார்ந்தால் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள், அந்தப் பயம்தான். அதற்குச் சுமார் 80 வருடம் முன்பு, 1550களில், அலெப்போவிலிருந்து ஒருவரும் டமாஸ்கஸிலிருந்து ஒருவரும் வந்து தஹ்தகாலே கடைத்தெருவில் முதல் காபிக் கடைகளைத் திறந்ததாக பெசெவி என்ற ஓட்டோமான் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். படித்தவர்கள், வேலை தேடுபவர்கள், பதவி போன அதிகாரிகள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்களாம். மசூதிக்கு ஆள் குறைகிறது என்று மதகுருமார் புலம்பினார்களாம்.

வாசகன் சாருக்கு ஒரு திருத்தம். மெஹ்மத் பேர் மாற்றவில்லை. ஓட்டோமான் நாணயங்களில் கடைசிக் காலத்திலும் 'கொஸ்தாந்தினியே' என்ற பெயர் வந்தது. இஸ்தான்புல் என்பது பேச்சுவழக்கு. 'நகரத்துக்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்றொடரிலிருந்து வந்தது என்பார்கள். நம் தாத்தாக்கள் சென்னைக்குப் போவதை 'பட்டணம் போறேன்' என்றார்களே, அந்த மாதிரி. குடியரசு வந்து, 1930-ல்தான் வெளிநாட்டுக் கடிதங்களிலும் இஸ்தான்புல் என்றே எழுத வேண்டும் என்று ஆனது.

இன்னொன்று, பிடித்தபோது அது பாதி காலியான ஊர். மதிலுக்குள்ளேயே வயலும் தோட்டமும் இருந்தன. மெஹ்மத் அனதோலியா என்ற ஆசியப் பகுதியிலிருந்தும் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கனிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து குடியமர்த்தினார். 1477-ல் எடுத்த கணக்கில் எதிர்க்கரைக் கலாத்தாவையும் சேர்த்துச் சுமார் 16,000 வீடுகள். முஸ்லிம்கள், கிரேக்கர்கள், ஆர்மீனியர்கள், யூதர்கள் எல்லாரும் அதில் உண்டு. 1492-ல் ஸ்பெயின் விரட்டிய யூதர்களை இரண்டாம் பாயெசித் ஏற்றுக்கொண்டார். மறுவருடமே ஊரில் எபிரேய அச்சகம் ஓடத் தொடங்கிவிட்டது.

#4 கணக்குப்பிள்ளை | சனி, காலை 6:15

நான் ஓய்வுபெற்ற கணக்கன். எந்த ராஜ்யத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தானியக் கணக்குதான் கண்ணில் படும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஊருக்குச் சோறு போட ஊரைச் சுற்றி நிலம் போதாது. எல்லாம் கடல் வழியாக வந்தாக வேண்டும். கோதுமை டான்யூப் முகத்துவாரத்திலிருந்தும் கருங்கடல் கரையிலிருந்தும் வரும், அரிசியும் சர்க்கரையும் எகிப்திலிருந்து. இறைச்சிக்கு ஆட்டு மந்தைகளைப் பால்கனிலிருந்து நடத்தியே கூட்டிவருவார்கள். கருங்கடலில் அந்நியக் கப்பல்களுக்கு இடமே கொடுக்காமல் ரொம்ப காலம் அடைத்து வைத்திருந்ததற்குத் தலைநகரின் வயிறு ஒரு பெரிய காரணம். 1774-ல் ரஷ்யாவிடம் தோற்று ஒப்பந்தம் போட்டபோதுதான் அந்தக் கதவு திறந்தது. அடுத்து 1783-ல் ரஷ்யா கிரிமியாவையே விழுங்கியது. நாம் அதை எல்லைச் சண்டையாகப் படிக்கிறோம், இஸ்தான்புல் ரொட்டிக்காரனுக்கு அது மாவு விலை.

வந்த தானியத்தை இஷ்டத்துக்கு விற்க முடியாது. தங்கக் கொம்பு என்று சொல்லும் கழிமுகத்தின் கரையில் உன்கபானி என்று ஒரு இடம். 'உன்' என்றால் மாவு, 'கபான்' என்றால் பொதுத் தராசு. கப்பல் அங்கே நிற்க வேண்டும், சரக்கு அங்கே எடைபோடப்பட வேண்டும், எந்த அடுப்புக்கு எவ்வளவு என்பதும் அங்கேதான் முடிவாகும். விலையை நிர்ணயிப்பது காதி, அதாவது நீதிபதி. அந்த நிர்ணய விலைக்கு 'நர்ஹ்' என்று பெயர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. ரொட்டி விலையை ஏற்றுவதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். 'ஒரு அக்சேக்கு இத்தனை திர்ஹம் எடை ரொட்டி' என்பதுதான் ஆணை. அக்சே என்பது சின்ன வெள்ளிக் காசு. கோதுமை விலை ஏறினால் காசு அதே காசுதான், ரொட்டி இளைக்கும். எடையில் ஏமாற்றினால் ரொட்டிக்காரனைக் கடை வாசலிலேயே படுக்கவைத்து உள்ளங்காலில் பிரம்படி. சில நாட்களில் பிரதம வஜீரே கடைத்தெருவுக்கு வந்து ரொட்டியை எடை பார்ப்பார். நினைத்துப் பாருங்கள், மூன்று கண்டங்களில் படை நடத்தும் மந்திரி, கையில் ஒரு ரொட்டி, பக்கத்தில் தராசு.

#5 சும்மாவந்தவன் | சனி, காலை 7:02

அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட் டெக்னிக் அப்போதே இருந்திருக்கிறது என்று சொல்லுங்கள். உள்ளே நாலு பிஸ்கட்தான் இருக்கும், அட்டையில் விலை மட்டும் மாறாது. இங்கே பிரம்படி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

#6 ஞாயிறு_வாசகன் | சனி, காலை 8:20

அண்ணே, வஜீர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஓட்டு கீட்டு ஒன்றும் இல்லையே. ஜனங்கள் பட்டினி கிடந்தால் சுல்தானுக்கு என்ன நஷ்டம்?

#7 கணக்குப்பிள்ளை | சனி, காலை 9:45

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த ஊரில் ஓட்டுப் பெட்டி இல்லை, அண்டா இருந்தது.

சுல்தானின் நிரந்தரக் காலாட்படை யெனிசெரிகள், ஆங்கிலப் புத்தகங்களில் ஜானிசரி. தொடக்கத்தில் பால்கன் கிராமங்களின் கிறிஸ்தவச் சிறுவர்களைப் பிடித்துவந்து, மதம் மாற்றி, பயிற்சி கொடுத்து உருவாக்கிய படை. இவர்களுடைய அதிகாரப் பெயர்களைக் கேட்டால் சமையல்கட்டு ஞாபகம்தான் வரும். ஒரு பிரிவின் தலைவர் 'சோர்பாஜி', அதாவது சூப்புக்காரர். இன்னொரு அதிகாரி 'ஆஷ்ஜிபாஷி', தலைமைச் சமையல்காரர். தொப்பியின் முன்பக்கத்தில் கரண்டி செருகிக்கொள்வார்கள். படைப்பிரிவின் செப்பு அண்டாவுக்குக் 'கஸான்' என்று பெயர். நம்மூரில் கொடிக்கு இருக்கும் மரியாதை அதற்கு. போரில் அண்டாவை எதிரியிடம் பறிகொடுத்தால் அந்தப் பிரிவுக்கே மானம் போன மாதிரி. சுல்தானின் உணவை உண்கிறோம், அதனால் அவருக்கு விசுவாசம். இதுதான் உடன்படிக்கை.

உடன்படிக்கை என்றால் இரண்டு பக்கமும் உண்டல்லவா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை டோப்காப்பி அரண்மனையின் இரண்டாவது முற்றத்தில் சம்பளப் பட்டுவாடா. ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் அசையாமல், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் நிற்பார்கள். சமையல்கட்டிலிருந்து சூப், பிலாவ், செர்தே எல்லாம் கிண்ணம் கிண்ணமாக வந்து தரையில் வரிசையாக வைக்கப்படும். சைகை கிடைத்ததும் அத்தனை பேரும் கிண்ணத்தைப் பார்த்து ஓடுவார்கள். வெளிநாட்டுத் தூதர்களை வேண்டுமென்றே அந்த நாளில் வரவழைப்பார்கள். தூதர் கூட்டத்தையும் பணமூட்டைகளையும் பார்த்து மலைத்துப் போக வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அரண்மனைக்காரர்கள் அன்று பார்ப்பது வேறொன்றை, சூப்பைக் குடிக்கிறார்களா இல்லையா என்று. தொடாமல் நின்றால் வஜீருக்கு வயிற்றைக் கலக்கும்.

அதற்கு அடுத்த கட்டம் அண்டாவைத் தூக்கி வந்து மைதானத்தில் கவிழ்ப்பது. அப்படியானால் கலகம். 'கஸான் கல்திர்மாக்', அண்டாவைத் தூக்குவது, இன்றைய துருக்கியிலும் கலகம் செய்வதற்கான மரபுத்தொடர்.

1589-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில வருடம் முன்பு அரசு காசில் வெள்ளியைக் குறைத்துவிட்டது. 60 அக்சேக்கு மாறிய தங்க டுகாட்டுக்கு இப்போது 120 அக்சே தர வேண்டும். சம்பளம் மட்டும் பழைய எண்ணிக்கையில்தான் வருகிறது. கடைக்காரன் புதுக் காசைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். படை அரண்மனைக்கே வந்து நின்று, இந்தக் காசுக்குப் பொறுப்பானவர்கள் என்று ருமேலி என்ற பால்கன் மாகாணத்தின் ஆளுநர் தலையையும் நிதி அதிகாரி தலையையும் கேட்டது. மூன்றாம் முராத் கொடுத்துவிட்டார். 1656-ல் மறுபடியும் அதே கதை, மட்டமான காசு, கலகம், இந்தத் தடவை தலைகள் இன்னும் அதிகம். பிணங்களைக் குதிரைப்பந்தய மைதானத்துப் பக்கம் ஒரு சினார் மரத்தில் தொங்கவிட்டார்கள். மனிதத் தலையே பழமாகக் காய்க்கும் 'வக்வக்' மரம் என்று பழைய கதைகளில் வரும், அந்தப் பெயரே சம்பவத்துக்கு நிலைத்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், தொடரில் வரும் அந்தப்புரச் சதியைவிட ஓட்டோமான் அரசியலைப் புரிந்துகொள்ள அந்த ஊரின் அடுப்பைப் பார்த்தால் போதும்.

#8 எதிர்க்கட்சி | சனி, பகல் 12:10

கணக்குப்பிள்ளை சார் யெனிசெரிகளை ஏதோ தொழிற்சங்கம் மாதிரி எழுதுகிறார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி உண்மை.

17-ம் நூற்றாண்டிலிருந்து இந்த ஆட்கள் கல்யாணம் செய்து, கடை வைத்து, பிள்ளைகளையும் படையில் சேர்த்துவிட்டார்கள். கிராமத்துச் சிறுவர்களைப் பிடிக்கும் முறை தானாகவே தேய்ந்து போனது. 16-ம் நூற்றாண்டுச் சுல்தான் சுலைமான் காலத்தில் 12,000 பேர் அளவில் இருந்த படை 1600 வாக்கில் சுமார் 35,000. சம்பளச் சீட்டுக்கு 'எசாமே' என்று பெயர். செத்தவன் சீட்டு, ஓடிப்போனவன் சீட்டு எல்லாம் சந்தையில் கைமாறும். கடனுக்கு அடகும் வைக்கலாம். போருக்குப் போகாத ஆள், சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குவான்.

துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் ஒரு பிரிவு தன் சின்னத்தை அதில் மாட்டிவிடும். 'இது எங்கள் பாதுகாப்பில்' என்று அர்த்தம், அதாவது மாமூல். காபிக் கடையில் பாதி இவர்களுடையது. சுமைதூக்கிகள், படகோட்டிகளிடமும் பங்கு. ரொட்டி விலையைக் கட்டுக்குள் வைத்தது இவர்கள் பயத்தால் என்றால், கடைத்தெருவில் மற்ற எல்லாவற்றுக்கும் விலை ஏறியதும் இவர்களால்தான்.

1622-ல் 18 வயது கூட நிரம்பாத இரண்டாம் ஒஸ்மானை யெதிகுலே கோட்டையில் வைத்துக் கொன்றதும் இவர்கள் கலகம்தான். அவனிடம் வேறு படை திரட்டும் யோசனை இருந்தது என்பதுதான் குற்றம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#9 கணக்குப்பிள்ளை | சனி, பகல் 1:30

சரி, ஒப்புக்கொள்கிறேன். மாமூல் கணக்கைப் பேரேட்டில் எழுதாமல் விட்டது என் தப்பு. ஆனால் ஒன்று, அவர்கள் கடைக்காரர்களாக ஆனதால்தான் ஊரின் கோபத்துக்கு அவர்கள் வாயாக இருக்க முடிந்தது. 1730-ல் துலிப் பூந்தோட்டமும் கடற்கரை மாளிகையுமாக வஜீர் இப்ராகிம் பாஷா வாழ்ந்துகொண்டிருந்தபோது எழுந்த கலகத்துக்குத் தலைமை தாங்கிய பட்ரோனா ஹலில் யார்? பழைய துணி விற்றவன், முன்னாள் யெனிசெரி. வஜீர் உயிரை விட்டார், மூன்றாம் அஹ்மத் அரியணையை விட்டார். சில வாரத்தில் ஹலிலையும் தீர்த்துக்கட்டினார்கள் என்பது வேறு கதை.

முடிவு உங்களுக்குத் தெரியும். 1826 ஜூன். இரண்டாம் மஹ்மூத் புதுப் படை உருவாக்குகிறார். யெனிசெரிகள் எத் மெய்தானி என்ற இறைச்சி மைதானத்தில் அண்டாக்களைக் கொண்டுவந்து கவிழ்க்கிறார்கள். இந்தத் தடவை சுல்தான் முன்கூட்டியே தயார். மதகுருமாரையும் ஊர் ஜனங்களையும் தன் பக்கம் சேர்த்துவிட்டு, பாசறையைப் பீரங்கியால் அடித்துக் கொளுத்தினார். ஒரே நாளில் கதை முடிந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பேர் 'மங்கல நிகழ்வு'. எனக்கு உறுத்துவது அந்தப் பேர்தான். மாமூல் வாங்கும் ரவுடி ஒழிந்தான் என்று ஊரும் கை தட்டியது. ஆனால் அதற்குப் பிறகு சுல்தானைப் பார்த்து, 'இந்தச் சூப்பு வேண்டாம்' என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை.

#10 எதிர்க்கட்சி | சனி, பகல் 1:48

கடைசி வரிக்கு மட்டும் லைக். மற்றதுக்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

#11 மாலுமி_சங்கு | சனி, மாலை 5:20

நான் சரக்குக் கப்பல்காரன், படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். கருங்கடலில் கோதுமை ஏற்றிக்கொண்டு பாஸ்பரஸ் நீரிணை வழியாக நாலைந்து தடவை வந்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணன் எழுதியதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது, அதே சரக்கு, அதே வழி. ஒருமுறை இரண்டு நாள் நங்கூரம் போட்டதில் ஊருக்குள் இறங்க முடிந்தது.

எல்லாரும் போகும் தக்சீம் சதுக்கத்துக்குப் போனேன். பேருக்கு என்ன அர்த்தம் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். கையால் மூன்று பக்கமும் வெட்டிக் காட்டினார். தக்சீம் என்றால் பங்கீடு. 1730களில் முதலாம் மஹ்மூத் வடக்குக் காட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, அங்கே வைத்துப் பேட்டைகளுக்குப் பிரித்துவிட்டார். அந்த எட்டுமுகக் கல் கட்டடம் இஸ்திக்லால் தெருமுனையில் இன்றும் நிற்கிறது. லட்சம் பேர் செல்ஃபி எடுக்கும் இடத்தில் அதை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் அந்த டீக்கடைக்காரர் சொல்லாவிட்டால் பாத்ரூம் என்று நினைத்துத் தாண்டியிருப்பேன்.

அதற்கு 170 வருடம் முன்பே சுலைமானுக்காகத் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் போட்ட தண்ணீர் வழி இருக்கிறது. 'கிர்க்செஷ்மே', நாற்பது ஊற்று. மஹ்லோவா பாலம் இன்னும் காட்டுக்குள் கம்பீரமாக நிற்கிறதாம், நான் போகவில்லை. பொதுக் குழாயிலிருந்து வீட்டுக்குச் சுமப்பது 'சாக்கா' என்ற தண்ணீர்க்காரர் வேலை. முதுகில் தோல் பை.

தண்ணீர் இவ்வளவு முக்கியமாக இருந்ததற்கு ஒரு காரணம் தீ. மசூதியும் சந்தையும் கல், வீடெல்லாம் மரம். ஒரு அடுப்புப் பொறி போதும், பேட்டை பேட்டையாகப் போய்விடும்.

#12 வரலாற்று_டீச்சர் | சனி, மாலை 6:05

மாலுமி சார், தீயைத் தொட்டுவிட்டீர்கள், துலும்பாஜிகளைச் சொல்லாமல் விட முடியாது. 1720 வாக்கில் மதம் மாறிய ஒரு பிரெஞ்சுக்காரர் கைப்பம்பு செய்து கொடுத்தார். துருக்கியில் அதற்குத் துலும்பா, அடிப்பவர் துலும்பாஜி. 1828-ல் பாயெசித் மைதானத்தில் கல் கோபுரம் எழுந்தது. உச்சியில் இரவு பகலாகக் காவல். எங்காவது புகை தெரிந்தால் பகலில் கூடை தொங்கவிடுவார்கள், இரவில் விளக்கு. தெருக் காவலன் இரும்புப் பூண் போட்ட தடியைக் கல்லில் தட்டிக்கொண்டே எந்தப் பேட்டையில் தீ என்று கத்திப்போவான்.

அப்புறம் பேட்டை இளைஞர்கள் பம்புப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வெறுங்கால், சந்துக்குச் சந்து ஏற்றம் இறக்கம். எந்தப் பேட்டை முதலில் போய்ச் சேர்கிறது என்பதில்தான் கௌரவம். வழியில் எதிர்க் குழு வந்தால் தீயை விட்டுவிட்டு அங்கேயே கைகலப்பு நடந்ததும் உண்டு.

#13 சும்மாவந்தவன் | சனி, மாலை 6:11

வீடு எரிகிறது, அணைக்க வந்தவர்கள் தெருமுனையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு ஒரு தொடர் எடுக்கலாமே, நான் சப்டைட்டில் இல்லாமலேயே பார்ப்பேன்.

#14 புதுவரவு_மீனா | சனி, இரவு 8:40

பெண்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்தப்புரத்தில் மட்டும்தான் இருந்தார்களா?

#15 வரலாற்று_டீச்சர் | சனி, இரவு 9:25

நல்ல கேள்வி, மீனா. ஊர்ப் பெண்களைத் தேட வேண்டிய இடம் காதி நீதிமன்றப் பதிவேடுகள். சொத்துத் தகராறு, கணவன் தர வேண்டிய மஹர் என்ற மணக்கொடைப் பாக்கி, வாடகைப் பாக்கி என்று பெண்கள் தாங்களே வந்து வழக்குப் போட்டது பக்கம் பக்கமாக இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகும் அவர்கள் சொத்து அவர்கள் பெயரில்தான். 1546-ல் இஸ்தான்புல் வக்ஃப் அறக்கட்டளைகளைக் கணக்கெடுத்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் நிறுவியவை. சுல்தானின் மனைவிகளை மட்டும் நினைக்காதீர்கள், ஒரு வீடு, ஒரு கடை என்று எழுதிவைத்த சாதாரணப் பெண்களும் அதில் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. அதே ஊரில் பெண்களை விற்ற அடிமைச் சந்தையும் நடந்தது. 1840களில்தான் அதை மூடினார்கள், தனியார் வீடுகளில் வியாபாரம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஹுர்ரெமும் அடிமையாக வந்தவர்தான். தொடரில் அது காதல் கதையின் முதல் காட்சி. சந்தையில் நின்ற மற்றவர்களுக்கு இரண்டாவது காட்சி கிடையாது.

#16 மாலுமி_சங்கு | ஞாயிறு, காலை 7:30

நாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்த் தெருநாய்கள் நான் போனபோதும் டிராம் நிறுத்தத்தில் நடுவே படுத்திருந்தன, ஜனங்கள் சுற்றிப் போனார்கள். 1910-ல் 'நவீன நகரம்' ஆக்குகிறேன் என்று ஆயிரக்கணக்கில் பிடித்து மர்மராக் கடலில் சிவ்ரியாதா என்ற பாறைத் தீவில் விட்டார்கள். தண்ணீர் இல்லை, தீனி இல்லை. ஊளைச் சத்தம் கரைவரை கேட்டதாம். நாங்கள் அந்தப் பக்கமாகத்தான் போவோம். இருட்டில் அந்தத் தீவைத் தாண்டும்போது எங்கள் மாலுமித் தலைவர் போசன் ரேடியோவை நிறுத்திவிடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

#17 கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 8:50

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், மாலுமி.

பேச்சை மாற்றுகிறேன். டீச்சரம்மா 'பாக்கி' என்று எழுதியதைப் பார்த்ததும் தோன்றியது. 40 வருடம் நான் பேரேட்டில் எழுதிய பாக்கி, இஸ்தான்புல் கணக்கனும் எழுதிய 'பாக்கி'தான். அரபு, பாரசீகம் வழியாக அங்கேயும் போனது, நவாபு காலத்தில் இங்கேயும் வந்தது. கஜானா அங்கே 'ஹஸினே'. வக்கீல் அங்கே 'வெகில்'. ஷரத்து 'ஷார்த்'. கசாப்புக்கடை 'கசாப்'. மைதானம் 'மெய்தான்'. கோர்ட்டில் ஆஜர் என்கிறோமே, துருக்கியில் 'ஹஸிர்' என்றால் தயார். துப்பாக்கிகூடத் துருக்கிய 'துஃபெக்'குக்குச் சொந்தக்காரன்.

#18 வரலாற்று_டீச்சர் | ஞாயிறு, காலை 9:40

ஆளும் போயிருக்கிறது, சார். திப்பு சுல்தானின் தூதுக்குழு 1787-ல் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தது, ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு. சேலம், திண்டுக்கல் பக்கமெல்லாம் அப்போது மைசூர் கையில். சுல்தான் முதலாம் அப்துல்ஹமீத் மரியாதையாக வரவேற்றார், ஆனால் அவருக்கே ரஷ்யாவுடன் போர் மூண்டிருந்தது. குழுவில் நிறையப் பேர் வழியிலும் அந்த ஊரிலும் நோயில் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்ட உதவி கிடைக்காமல் திரும்பினார்கள்.

#19 ஞாயிறு_வாசகன் | ஞாயிறு, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. இன்றைய எபிசோடில் சம்பள நாள் காட்சி வந்தது! 'சூப்பைக் குடிக்கிறார்களா பாரு' என்று நான் கத்தினேன், மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விளக்கியதும் அவளும் கிண்ணத்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். குடித்துவிட்டார்கள், பிரச்சினை இல்லை.

அவளுக்கு ஒரு கேள்வி: கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன அந்த செர்தே என்ன பண்டம்?

#20 கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 6:05

அரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரை போட்டு, குங்குமப்பூ கரைத்து ஊற்றி மஞ்சளாக எடுப்பது. பால் கிடையாது, நெய்யும் கிடையாது. பன்னீர் கொஞ்சம், மேலே உலர்திராட்சை. ஆறவைத்துக் கிண்ணத்தில் சாப்பிட வேண்டும். நான் ஒருமுறை வீட்டில் செய்து பார்த்தேன். நெய் இல்லாத சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லி என் வீட்டம்மா கிண்ணத்தைத் தொடவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.